“எல்லாம் சேர்த்து 99 டொலர்”: கனடாவில் உங்கள் முதல் போன், இன்ரர்நெற் பில்

கனடாவுக்கு வந்து இறங்கிய முதல் கிழமையிலேயே ஸ்காபரோவிலோ மார்க்கம் நகரிலோ ஏதாவது ஒரு மோலுக்குப் போவீர்கள். அங்கே சின்ன மேசை போட்டு நிற்கும் ஒரு தம்பி உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கூப்பிடுவார். “அண்ணை, இன்ரர்நெற், ரிவி, வீட்டுப் போன், எல்லாம் சேர்த்து 99 தான். போன் சும்மா கிடைக்குது.” புது ஊரில் தமிழ் கேட்ட சந்தோஷத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தம்பியில் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு அது வேலை. ஆனால் அந்த 99-க்குள் எது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அதற்கு இரண்டு வருஷம் காசு கட்டினேன்.

முதல் பில்லைக் கண்டு பயப்படாதீர்கள். அது எப்போதும் கூடத்தான் வரும். மாத நடுவில் இணைப்புக் கிடைத்தால் மிச்சமிருக்கும் அரை மாதத்துக்கான காசும், அடுத்த மாதத்துக்கு முன்கூட்டியே ஒரு முழு மாதக் காசும் ஒரே பில்லில் சேரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 49.50, அதோடு 99, இணைப்புக் கட்டணம் ஒரு 50 என்று வைத்தால் 198.50. ஒன்ராறியோவில் அதற்கு மேல் எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி 13 சதவீதம். 99 என்று சொன்னது 224 டொலராக வந்து நிற்கும். இதில் களவு ஒன்றும் இல்லை. இரண்டாவது பில்தான் உண்மையான பில். அதைத்தான் தேத்தண்ணியோடு இருந்து வரி வரியாக வாசிக்க வேண்டும்.

என்னுடைய இரண்டாவது பில் 111.87. வரியோடு சரியாகத்தான் இருந்தது, அதனால் மேலே பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். பிழை அங்கேதான். உள்ளே இப்படிக் கிடந்தது: இன்ரர்நெற் 95, ரிவி 60, வீட்டுப் போன் 30, கூட்டினால் 185. அதன் கீழே ஒரே வரியில் ‘பண்டில் கழிவு’, அதாவது சேவைகளைச் சேர்த்து எடுப்பதற்கான கழிவு, என்று 86 டொலர் குறைத்திருந்தார்கள். அந்த 86 எந்தச் சேவைக்குரிய கழிவு, எத்தனை மாதத்துக்கு என்று எங்கேயும் இல்லை.

வீட்டுப் போன் பெட்டியை நாங்கள் சுவரில் மாட்டவே இல்லை. ஊருக்குக் கதைப்பது எல்லாம் வட்ஸ்அப்பில். ஒரு வருஷம் கழித்து, பாவிக்காத போனை எடுத்துவிடுங்கள் என்று அழைத்துக் கேட்டேன். அந்தப் பெண் பிள்ளை மிக மரியாதையாகச் சொன்னா: “எடுக்கலாம் சேர், ஆனா மூன்று சேவைக்கான கழிவு போய் இரண்டு சேவைக்கான கழிவுதான் வரும்.” அது 46. அதாவது 155-இலிருந்து 46 போக 109. ஒரு சாமானைத் திருப்பிக் கொடுத்தால் பத்து டொலர் கூடக் கட்ட வேண்டும்! ‘சும்மா’ கிடைத்த போனின் விளக்கம் அன்றைக்குத்தான் புரிந்தது. கழிவு முடிந்த மாதம் வந்த பில், வரியோடு 209.05.

ஆகவே கையெழுத்துக்கு முன்னால் ஒவ்வொரு சேவையின் வழமையான விலையைத் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கழிவு எத்தனை மாதம், ஒப்பந்தம் எத்தனை மாதம் என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. ஒன்றை நிறுத்தினால் மற்றவற்றின் விலை என்ன ஆகும்? சொன்ன விலைக்குள் தானியங்கிக் கட்டணத்துக்கான கழிவும் சேர்ந்திருக்கிறதா? பல விளம்பர விலைகளில் அது சேர்ந்துதான் இருக்கும். வங்கிக் கணக்கை இணைக்காவிட்டால் விலை மேலே போகும். மொடம், ரிவி பெட்டி வாடகையையும் விடாதீர்கள்.

இதைக் கேட்பது தயவு கேட்பது அல்ல. கைப்பேசிக்கு 2013 டிசம்பரிலிருந்தும், ரிவிக்கு 2017 செப்டெம்பரிலிருந்தும், பெரிய நிறுவனங்களின் இன்ரர்நெற்றுக்கு 2020 ஜனவரி 31-இலிருந்தும் சி.ஆர்.ரி.சி. (CRTC) என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிக்கோவைகள் நடைமுறையில் இருக்கின்றன. ஒப்பந்தத்தோடு முக்கிய விபரங்களின் சுருக்கம் ஒன்றும் தர வேண்டும். நூறு பக்க ஒப்பந்தத்தை விட்டுவிட்டு அதை வாசியுங்கள். 2019-இல் அதே ஆணையம், பிழையாக வழிநடத்தும் அல்லது நெருக்கிப் பிடிக்கும் விற்பனை இந்தத் துறையில் ஏற்றுக்கொள்ள முடியாத அளவுக்கு நடக்கிறது என்று அறிக்கையே வெளியிட்டது. ஏமாந்தது நீங்களும் நானும் மட்டும் இல்லை.

இன்னும் சில. கடதாசி பில்லுக்குக் காசு கேட்கக் கூடாது, 2014 டிசம்பரிலிருந்து அது சட்டம். நிறுத்துவதற்கு 30 நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்ற வழக்கம் 2015 ஜனவரியில் தடை செய்யப்பட்டது. அடிப்படை ரிவி பக்கேஜ் மாதம் 25 டொலருக்கு மேல் போகக் கூடாது, பெட்டி வாடகை வேறு. இதை யாரும் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். உண்மையில் தமிழ்ச் சனலுக்காகத்தான் ரிவி என்றால் அடிப்படை பக்கேஜால் உங்களுக்குப் பயன் இல்லை. ஆங்கிலச் செய்திக்கு ரொறன்ரோவில் ஒரு அன்ரெனா போதும்.

முன்பு கைப்பேசி பில்லில் ‘சிஸ்ரம் அக்சஸ் ஃபீ’ என்று ஏழு டொலருக்குக் கிட்ட ஒரு வரி வரும். மாமா அதை அரசாங்க வரி என்றே வருஷக்கணக்காக நம்பிக் கட்டினார். அது நிறுவனங்கள் தாங்களே வைத்த கட்டணம். பில்லில் புரியாத பெயரோடு ஒரு கட்டணம் வந்தால், இது வரியா, உங்களுடைய கட்டணமா என்று கேளுங்கள்.

விலையை ஒப்பிட ஒரு சின்ன வழி: பெரிய நிறுவனங்கள் கைப்பேசிக்கு வேறு பெயரிலும் சேவை விற்கின்றன. ஃபிடோ ரொஜர்ஸினுடையது, வேர்ஜின் பிளஸ் பெல்லினுடையது, கூடோ ரெலஸினுடையது. இவற்றில் தனி பிளான் விலை பார்த்தால், உங்கள் பண்டிலுக்குள் கைப்பேசியும் இருந்தால் அதற்கு எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று பிடிபடும்.

பிள்ளைகளுக்கான கொடுப்பனவு உச்சத் தொகையில் கிடைக்கும் குடும்பமா? ‘கனெக்ரிங் ஃபமிலீஸ்’ என்ற மத்திய அரசின் திட்டத்தில் மலிவு இன்ரர்நெற்றுக்குக் கடிதம் வரலாம். விளம்பரம் என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள்.

சொன்ன விலைக்கும் பில்லுக்கும் ஒத்து வராவிட்டால் முதலில் நிறுவனத்திடமே முறையிடுங்கள். அழைப்பு இலக்கத்தையும் திகதியையும் எழுதி வையுங்கள். முடிந்தால் இணையச் சட்டில் (chat) எழுதிக் கேளுங்கள், பிரதி மிஞ்சும். அங்கே சரிவரவில்லை என்றால் சி.சி.ரி.எஸ். (CCTS) என்ற முறைப்பாட்டு ஆணையம் இருக்கிறது. 2007-இல் தொடங்கியது, ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. விலை கூட என்று அங்கே போனால் எடுக்க மாட்டார்கள். ‘99 என்றார்கள், 109 எடுத்தார்கள்’ என்று போனால் எடுப்பார்கள், கையில் அந்தச் சட் பிரதி இருந்தால் இன்னும் நல்லது.