கூலிங் பேட் வாங்கும் முன் லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள்

வீடியோ எடிட் செய்ய உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் என் லேப்டாப் கொதிக்கும். கீபோர்டின் நடுவில் விரல் வைக்க முடியாது. விலை குறைவு என்று, லேப்டாப்புக்கு அடியில் வைக்கும், ஐந்து குட்டி ஃபேன் உள்ள கூலிங் பேட் வாங்கினேன். சத்தம்தான் மிச்சம். பேட் ஓடுவது லேப்டாப்பின் யூஎஸ்பி போர்ட்டில்; யூஎஸ்பி 2.0 போர்ட் தரும் மின்சாரமே 2.5 வாட்தான், அதை ஐந்தாகப் பங்கிட்டால் எந்த ஃபேனுக்கு வேகம் வரும்?

அப்புறம்தான் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். காற்றை இழுக்கும் துளைகள் பின்பக்க ஓரமாக ஒரே வரிசையில் இருந்தன. பேடின் ஃபேன்களோ மூடிய பிளாஸ்டிக்கில் வீசிக்கொண்டிருந்தன. சரி என்று அதை மாற்றி, துளைகள் வரை எட்டும் அகலமான ஒற்றை ஃபேனும் இரும்பு வலையும் உள்ள சாதாரணப் பேடை எடுத்தேன். உள்ளே படிந்த தூசியையும் பிரஷ்ஷால் எடுத்தேன். இப்போது அதே வேலையை ஒரு மணி நேரம் செய்தாலும் கீபோர்டில் கை வைக்க முடிகிறது.