பாக்டீரியா பார்ட்ஸ் வாஷர்: வாங்கினால் போதாது, வளர்க்கவும் வேண்டும்

பயோரெமீடியேஷன் பார்ட்ஸ் வாஷர், அதாவது வண்டி, இயந்திர பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, அந்த எண்ணெயை பாக்டீரியாவைக் கொண்டே தின்னவைக்கும் மெஷின், வாங்கியவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ராத்திரி பட்டறையைப் பூட்டும்போது அதன் சுவிட்சை அணைக்காதீர்கள். லைட்டை அணையுங்கள், கம்ப்ரஸரை அணையுங்கள், இதை மட்டும் விட்டுவிடுங்கள். நாம் போன பிறகுதான் அது தன் முக்கால்வாசி வேலையைச் செய்கிறது.

உள்ளே நடப்பது இரண்டு வேலை. தொட்டியில் இருப்பது சோப்புத்தன்மை கொண்ட தண்ணீர்க் கரைசல். பொருளில் ஒட்டியிருக்கும் ஆயிலையும் கிரீஸையும் அது கிளப்பி எடுக்கிறது. அதே கரைசலில் வாழும் பாக்டீரியாக்கள், பெரும்பாலும் பேசில்லஸ் இனத்தவை, அந்த எண்ணெயைத் தின்று கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடுகின்றன. அதனால்தான் ஒரே கரைசலை நெடுங்காலம் ஓட்ட முடிகிறது. அவற்றுக்கு வேண்டியது மூன்று: சுமார் 40 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பு, காற்று, அளவான எண்ணெய். சுவிட்சை அணைத்தால் முதல் இரண்டும் போய்விடும். தொழுவத்து மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது; இதற்கும் அப்படித்தான்.

மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும் கழுவிப் பழகியவர்களுக்கு இது முதலில் மெதுவாகத் தெரியும். மெதுதான், மறுக்கவில்லை. ஆனால் மண்ணெண்ணெய் 38 டிகிரிவாக்கிலேயே பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கும். பெட்ரோலுக்கு அந்தச் சூடுகூட வேண்டாம். அதே கூரையின் கீழ் வெல்டிங்கும் கிரைண்டரும் ஓடுகின்றன. கைத்தோல் வறண்டு வெடித்து, ராத்திரி எரிச்சலில் தூக்கம் போன மெக்கானிக்குகளை எனக்குத் தெரியும். வேலை பழக வரும் பையன்கள் அந்தக் கைகளோடு இந்தத் தொழிலில் வயதாகக் கூடாது என்பதுதான் இந்த மெஷின் மேல் எனக்குள்ள அக்கறை.

சரி, கழுவும் முறைக்கு வருவோம். கியர்பாக்ஸ் கவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆயிலை முழுதாக வடியவிடுங்கள். மூலையில் திரண்டு நிற்கும் கிரீஸைத் தகட்டால் வழித்து, துணியில் துடைத்துத் தனியாக வையுங்கள். இதற்குச் சோம்பல் படவே கூடாது. பாக்டீரியா தின்னும்தான், ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். ஒரே நாளில் லிட்டர் கணக்கில் ஆயில் விழுந்தால் மேலே ஏடாகப் படிந்து காற்றை அடைத்துவிடும்.

அப்புறம் கவரைத் தொட்டியில் வைத்து, பிரஷ் வழியாக வரும் கரைசலை மேலிருந்து ஓடவிடுங்கள். உடனே தேய்க்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் கறுப்புப் பிசுக்கு இளகி, போல்ட் துளைகளின் விளிம்பிலிருந்து பழுப்பாகக் கோடு கோடாக இறங்கும். அதன் பிறகு தேய்த்தால் பாதி பலத்தில் வேலை முடியும். ரொம்பக் கெட்டிப்பட்டதை ஊறப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். பிஸ்டன் தலையில் வெந்து இறுகிய கரி, பழைய கேஸ்கெட் பசை, பெயின்ட் இவற்றை இந்தக் கரைசல் எடுக்காது. அவற்றைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். அலுமினியப் பொருள்களைப் பயமில்லாமல் போடலாம். காஸ்டிக் சோடாக் கரைசல் உள்ள தொட்டி அலுமினியத்தை அரிக்கும். இது ஏறக்குறைய நடுநிலைக் கரைசல் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

துருவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் மனம் விட்டுப்போவது இங்கேதான். மண்ணெண்ணெயில் கழுவினால் லேசான எண்ணெய்ப் படலம் மிஞ்சும். இதில் எடுத்தால் இரும்பு சுத்தமாக, ஈரமாக, வெறுமையாக வரும். வார்ப்பிரும்பை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் அதன் மேற்பரப்பில் ஆரஞ்சு நிறத் துரு பூத்துவிடும். ஆகவே தொட்டியிலிருந்து எடுத்ததும் ஏர் கன்னால் துளை, திருகு மரை, இடுக்கு எல்லாம் ஊதி, கையோடு மெல்லிய ஆயில் பூசிவிடுங்கள். பேரிங்கை ஊதும்போது வளையத்தை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் சுழலவிட்டால் பேரிங் கெடும். சில சமயம் சிதறி ஆளையும் அடிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஏர் கன்னைத் தொடவே வேண்டாம்.

தொட்டிக்குள் போகக் கூடாதவை: பிரேக் கிளீனர், கார்புரேட்டர் கிளீனர், பெட்ரோல், தின்னர், பிளீச்சிங், கிருமிநாசினி, பேட்டரி ஆசிட். கொஞ்சமாக விழுந்தாலும் பாக்டீரியாவுக்கு ஆபத்து. எளிதில் பற்றுபவை விழுந்தால் ஹீட்டர் இருக்கும் தொட்டியில் உங்களுக்கும் ஆபத்து. பிரேக் கிளீனர் அடித்த பிரேக் காலிபரை அப்படியே கொண்டுவந்து நனைப்பதும் இதில் சேரும். தொட்டியில் கை கழுவுவது, மீதிக் கூலன்ட்டைக் கொட்டுவது எல்லாம் முதல் நாளே தடை செய்யப்பட வேண்டிய பழக்கங்கள். நான் மூடியின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

காலையில் மூடியைத் திறந்ததும் ஒரு பார்வை போதும். மாலையில் மிதந்த எண்ணெய்ப் படலம் மெலிந்திருந்தால் உள்ளே நலம். படலம் அப்படியே நின்று, புளித்த அல்லது அழுகிய நாற்றம் வந்தால் காற்றோ சூடோ போதவில்லை, இல்லையென்றால் எதையோ ஊற்றியிருக்கிறார்கள். முதலில் பம்ப் ஓடுகிறதா, வெதுவெதுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால், மெஷின் கம்பெனி தரும் பாக்டீரியா பாக்கெட்டையோ பாக்டீரியா ஏற்றிய புது ஃபில்டர் விரிப்பையோ போட்டு, ஓரிரு நாள் எண்ணெய்ப் பொருள் எதையும் கழுவாமல் விடுங்கள். சீக்கிரம் பலன் வேண்டுமென்று சூட்டை ஏற்றாதீர்கள். ஏற்றினால் அவை செத்துப்போகும்.

கரைசல் மட்டம் இறங்கினால் உடனே நிரப்புங்கள். ஹீட்டர் வெளியே தெரிந்தால் எரிந்துபோகும். ஆவியானது தண்ணீர்தான் என்றாலும், கழுவிய பொருளோடு ஒட்டிக்கொண்டு கரைசலும் வெளியே போகிறது. வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் நாளடைவில் கரைசல் நீர்த்துப்போய்ப் பிசுக்கை எடுக்காது. ஃபில்டரை மாற்ற வேண்டிய காலம் மெஷினுக்கு மெஷின் மாறும். பிரஷ்ஷில் ஓட்டம் குறைந்தால் முதலில் அதைப் பாருங்கள். கையுறை இதற்கும் வேண்டும். எண்ணெய் எடுக்கும் கரைசல் தோலின் எண்ணெயையும் எடுக்கும்.

கடைசியாகக் கசடு. பாக்டீரியா எண்ணெயைத்தான் தின்னும். பேரிங் தேய்ந்து வந்த ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களைத் தின்னாது. அவை அடியில் சேறாகவும் ஃபில்டரிலும் தங்கும். இயற்கையான முறை என்ற பெயரை நம்பி அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டக் கூடாது. மூடியுள்ள டப்பாவில் வழித்துப் போட்டு, தேதி எழுதி, பழைய ஆயிலோடு கலக்காமல் தனியாக வைத்து, அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுங்கள். அவர்கள் பரிசோதனை கேட்டால் செய்து கொடுங்கள். ஃபில்டரையும் முழுதாக வடியவிட்டு அதே டப்பாவில் போடுங்கள்.