1877 சென்ட் நாணயம் வாங்கும் முன் அதைத் திருப்பிப் பாருங்கள்

அமெரிக்கச் சில்லறை நாணயம் சேர்ப்பவர்களில் பலர் ஏங்குவது 1877-ஆம் ஆண்டின் ‘இந்தியத் தலை’ (அமெரிக்கப் பழங்குடியினரின் இறகுத் தலையணி அணிந்த தலை பொறித்த) சென்டுக்குத்தான். புழக்கத்துக்கென்று அந்த ஆண்டு பிலடெல்பியாவில் அடித்தவை 8,52,500 மட்டுமே. கிராக்கி இருக்கும் இடத்தில் போலி இல்லாமலா? 1875, 1879 நாணயங்களின் கடைசி இலக்கத்தைச் சுரண்டி 7 ஆக்கிவிடுகிறார்கள்.

அதனால் ஆண்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் நாணயத்தைத் திருப்பி, மாலைக்கு நடுவே உள்ள ‘ஒன் சென்ட்’ (ONE CENT) என்ற எழுத்துகளில், ‘ஒன்’னில் வரும் ‘என்’ (N) எழுத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். புழக்கத்துக்கு அடித்த அசல் 1877-இல் அந்த எழுத்து ஆழமின்றி, கோடுகள் மங்கித் தெரியும். சுற்றியுள்ள ஆண்டுகளின் நாணயங்களிலோ அது எடுப்பாகப் புடைத்திருக்கும். எடுப்பாக இருந்தால் பர்ஸை மூடிவிடுங்கள். மிகவும் தேய்ந்த நாணயத்தில் இந்தச் சோதனை பலிக்காது. அதைத் தரச்சான்று இல்லாமல் நான் தொடமாட்டேன்.

அசலின் எடை 3.11 கிராம், விட்டம் 19 மில்லிமீட்டர். காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு, அதாவது போலி.

வாங்கிய பிறகு பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தப் பழுப்பு நிறத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள்.