வலிப்பு மாத்திரையா, அம்மையா?

போன வாரம் காய்ச்சலும் தடிப்புமாக ஒரு பையன் வந்தான். புதிதாகச் சேர்ந்த டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்: "நண்டு, இறால் சாப்பிட்டானா?" கேட்டுவிட்டு அலர்ஜிக்கான செட்ரிசின் எழுதினார். எனக்குச் சுருக்கென்றது. நானும் ஒரு காலத்தில் இதையேதான் கேட்டேன். வலிப்பு மாத்திரை ஒவ்வாவிட்டாலும் இப்படிக் காய்ச்சலும் தடிப்பும் வரும். அதில் நடக்கும் தவறுகள் இவை.

அம்மை என்று விட்டுவிடுவது

மண்டபம் பக்கம் காய்ச்சலோடு உடம்பு சிவந்தால் 'அம்மா போட்டிருக்கு' என்பார்கள். வாசலில் வேப்பிலை, வீட்டில் மீன் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. அப்படி ஐந்து நாள் கழித்து ஏழு வயதுப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது, கண் ஒட்டியிருந்தது. சாப்பாட்டைப் பற்றியே துருவிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் அம்மா மஞ்சள் பையிலிருந்து கார்பமசெபின் என்ற வலிப்பு மாத்திரை அட்டையை எடுத்தார். "மூணு வாரமா ஒரு வேளை தப்பலை சார்." அன்று காலையும் கொடுத்திருக்கிறார். ஒரு வேளைகூட விடக் கூடாது என்று சொல்லி அனுப்பியது நாங்கள்தானே! மதுரைக்கு அனுப்பினோம், பிழைத்தாள். கண் வறட்சி மட்டும் போகவில்லை.

இந்த ஒவ்வாமை முதல் மாத்திரையிலேயே வராது. பெரும்பாலும் 1 முதல் 8 வாரத்துக்குள் வரும். அதனால்தான் யாருக்கும் மாத்திரை மேல் சந்தேகம் வருவதில்லை. முதலில் காய்ச்சல், தொண்டை வலி, அப்புறம் தடிப்பு. முகம் வீங்கினாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ, கண் மஞ்சளானாலோ ஈரலும் பாதிக்கப்பட்டிருக்கலாம். வாயிலும் கண்ணிலும் புண், தோல் உரிதல் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. "இரண்டு மாதத்துக்குள் புதிதாக என்ன மாத்திரை?" இதைக் கேட்க அரை நிமிடம் போதும்.

வீட்டிலேயே நிறுத்திவிடுவது

திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்தால் இதை நிறுத்தி வேறு மருந்து தொடங்குவோம்.

பங்காளி மருந்துக்கு மாற்றுவது

கார்பமசெபின் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு பினைடாயினோ பினோபார்பிடோனோ எழுதுகிறார்கள். வேதியியல் அமைப்பில் மூன்றும் பங்காளிகள், ஒன்று ஒவ்வாவிட்டால் மற்றதும் ஒவ்வாமல் போகும் வாய்ப்பு அதிகம். லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மருந்து அந்தக் குடும்பமில்லை.

லாமோட்ரிஜின் அளவை வேகமாக ஏற்றுவது

இந்த வலிப்பு மருந்தை வேகமாக ஏற்றினாலும் இதே தடிப்பு வரலாம், மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தும் கூட இருந்தால் இன்னும் மெதுவாக.

'ஆகாத மருந்தையே கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாமே'

வேண்டாம்.

ஓ.பி. சீட்டில் மட்டும் எழுதுவது

ஓ.பி. சீட்டு ஒரு மழைக்குத் தாங்காது. தடுப்பூசி அட்டையைத்தான் தாய்மார்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஆகாத மருந்தின் பெயரை அதன் மேல் சிவப்பு மையில், தமிழில், பெரிதாக எழுதிக்கொடுக்கிறேன்.