ட்ரெய்லர் சோஃபாவைக் கழற்றிவிட்டு அம்மாவுக்கு ஒரு கட்டில்

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது அமெரிக்காவின் ஷெனண்டோவா மலைக்கு, வண்டியில் கட்டி இழுத்துப் போகும் எங்கள் வீட்டு ட்ரெய்லரில் போனோம். மூன்று இரவு ஜாக்நைஃப் சோஃபாவில்தான் அவருக்குப் படுக்கை. விரித்தால் நடுவில் பள்ளம் விழும் சோஃபா அது. நான்காம் நாள் காலை முதுகைப் பிடித்துக்கொண்டே எழுந்தார். வீடு திரும்பிய வாரமே அதைக் கழற்றிவிட்டு, 72 அங்குல நீளம், 30 அங்குல அகலத்தில் கட்டில் அடித்தேன்.

உங்களுடையது மோட்டார்ஹோம் (தானே ஓடும் வீட்டு வண்டி) என்றால், சோஃபாவில் சீட் பெல்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். கட்டிலில் ஆளை உட்காரவைத்து வண்டி ஓட்ட முடியாது.

கழற்றுவது

கரண்ட் இணைப்பையும் பேட்டரியையும் துண்டித்துவிட்டு ஆரம்பியுங்கள். ஆர்வியில் (இந்த மாதிரி வீட்டு வண்டிகளில்) பெரும்பாலும் சதுரக் குழி ஸ்க்ரூதான். 2ஆம் எண் சதுர பிட் வாங்கிவையுங்கள். கதவு குறுகல் என்பதால் சாய்மானத்தைத் தனியாகப் பிரித்தால்தான் சோஃபா வெளியே வரும். தரையில் போல்ட் இருந்த துளைகளை அடைத்துவிடாதீர்கள், அவை பிறகு வேண்டும்.

சட்டம்

2x2 மரச்சட்டம் போதும். அதன் உண்மையான அளவு ஒன்றரை அங்குலம். மேலே அரை அங்குல ப்ளைவுட். முக்கால் அங்குலம் போடச் சொல்வார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 16 அங்குலத்துக்கு ஒரு குறுக்குச்சட்டம் கொடுத்தால் அரை அங்குலமே தாங்கும், வண்டியில் எடையும் ஏறாது. மெத்தையோடு சேர்த்து உயரம் 18 அங்குலம் வைத்தேன். முழங்கால் வலி உள்ளவர் எழுந்திருக்க அதுதான் வசதி. மேல்பலகையை இரண்டு துண்டாக்கிக் கீல் போடுங்கள். எங்கள் தண்ணீர் பம்ப் அடியில்தான் இருக்கிறது.

சுவரில் பிடிப்பது

நான் சறுக்கிய இடம் இது. வீட்டுச் சுவர் மாதிரி நினைத்து, பின்பக்கச் சட்டத்தை 2 அங்குல ஸ்க்ரூவால் சுவரில் முடுக்கினேன். கையால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அடுத்த பயணத்தில் மலைப்பாதைக் குலுக்கலில் எல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆர்வி சுவரின் உள்பக்கம் வெறும் மெல்லிய பலகை. அதன் பின்னால் பஞ்சோ தெர்மோகோலோதான் இருக்கும். ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் உள்ளே நிற்கும் சட்டத்தில் மட்டுமே.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் காந்தம் போதும். சுவரில் மெதுவாக நகர்த்துங்கள். பலகையை அடித்த ஸ்டேப்பிள்கள் ஒரே செங்குத்துக் கோட்டில் இழுத்தால் அங்கே மரம் இருக்கிறது. பிளக் பாயின்ட் பக்கத்தில் மட்டும் துளை போடாதீர்கள், ஒயர் ஓடும்.

நீளமான ஸ்க்ரூ போட்டால் பலம் என்று நினைக்கவும் வேண்டாம். சுவரின் மொத்தக் கனமே பெரும்பாலும் இரண்டு அங்குலத்துக்குள்தான். வெளித்தகட்டைத் துளைத்துவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே வரும். கட்டில் சட்டம் ஒன்றரை அங்குலம் என்பதால் இரண்டரை அங்குல ஸ்க்ரூ போட்டேன். சுவருக்குள் ஒரு அங்குலம்தான் போகும்.

தரையில் புதுத் துளை வேண்டாம். அடியில் டேங்க்கும் குழாயும் இருக்கும். சோஃபாவின் பழைய துளைகளிலேயே எல் வடிவ பிராக்கெட் வைத்து முடுக்கினேன். கையில் இம்பாக்ட் டிரைவர் (தட்டித் தட்டி வேகமாக முடுக்கும் மின்கருவி) இருந்தாலும், கடைசிச் சுற்றைச் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் முடுக்குங்கள். மெல்லிய மரத்தில் மரை தேய்ந்தால் பிடிப்பு போய்விடும்.

மெத்தைக்கு 4 அங்குல கெட்டி ஃபோம். இறைச்சி வெட்டும் மின்கத்தியால் வெட்டினால் ஓரம் நேராக வரும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துக் கட்டில் செய்த ஒருவர், மெத்தையின் அடிப்பக்கம் ஈரமாகிறது என்று எழுதினார். குளிர்காலத்தில் எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. உடம்புச் சூட்டில் வரும் ஈரம் குளிர்ந்த பலகையில் பட்டு நீராகிறது. ப்ளைவுட்டில் 6 அங்குலத்துக்கு ஒன்றாக, ஒரு அங்குலத் துளைகள் போட்டேன். பகலில் மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தியும் வைக்கிறோம்.

இன்னொருவர் ஹீட்டர் அடிக்கடி அணைகிறது என்றார். சோஃபாவுக்கு அடியில் காற்று திரும்பும் ஜாலி இருந்திருக்கிறது. கட்டில் அதை மூடிவிட்டது. உங்கள் வண்டியில் அப்படி இருந்தால், முன்பலகையில் அந்த ஜாலி அளவுக்குக் குறையாமல் திறப்பு வெட்டுங்கள். அடியில் பெட்டி படுக்கை எதையும் அதன் முன்னால் அடுக்காதீர்கள்.