கல் தூசி ஊரில் கார் பாலிஷ்: புதிதாகத் தொடங்குவோருக்கு

கிருஷ்ணகிரிப் பக்கம் ஓடும் கறுப்புக் கார் எதையாவது வெயிலில் நிறுத்தி, பானட்டைச் சாய்வாகப் பாருங்கள். வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். பெரும்பாலும் தினமும் காலையில் காய்ந்த துணியால் துடைப்பதில் வருபவை அவை. குவாரி, கிரஷர், லோடு லாரி என்று இங்கே கல் தூசிக்குப் பஞ்சமில்லை. கிரானைட் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ், பெயின்ட்டை விடப் பல மடங்கு கடினமானது. அதனால் நம் ஊரில் மெஷினை விடக் கழுவும் முறைதான் முக்கியம் என்பேன்.

1. கழுவுதல்

நிழலில் நிறுத்தி, பானட் ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். முதலில் கை வைக்காமல் மேலிருந்து கீழாகத் தண்ணீர் பீய்ச்சித் தூசியை இறக்கிவிட வேண்டும். பிறகு இரண்டு பக்கெட்: ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். பழைய பனியன், துணி சோப்புத்தூள் இரண்டும் வேண்டாம். வீலுக்குத் தனி பக்கெட், தனித் துணி.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தானாகக் காய விடாதீர்கள், வெள்ளைத் திட்டு விழும். கழுவியவுடன் ஒற்றி எடுங்கள். ஏற்கெனவே விழுந்த திட்டுக்கு, வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து தடவி, ஒரு நிமிடத்தில் கழுவுங்கள். மா பூக்கும் காலத்தில் மரத்தடியில் நின்ற காரில் தத்துப்பூச்சியின் பிசுக்கு படிந்திருக்கும். வெதுவெதுப்பான ஷாம்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போய்விடும், சுரண்ட வேண்டியதில்லை.

2. கிளே

கையில் மெல்லிய பாலித்தீன் கவரை மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். அங்கே ஷாம்புத் தண்ணீர் தெளித்து, கிளே துண்டை (ஒட்டியிருக்கும் அழுக்கைப் பிடித்து எடுக்கும் களிமண் போன்ற கட்டி) அழுத்தாமல் தேய்க்க வேண்டும். துண்டு தரையில் விழுந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

3. பாலிஷ்

நிறத்துக்கு மேலே இருக்கும் கண்ணாடி போன்ற பூச்சான கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான். பாலிஷ் என்பது அதிலிருந்து கொஞ்சத்தைச் சீவி எடுப்பது. எடுத்தது திரும்ப வராது. ஆகவே ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷின் வேண்டாம், சுற்றிக்கொண்டே அசையவும் செய்யும் டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) மெஷினில் பழகுங்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு பானட் வாங்கி அதில் கை பழகினால் இன்னும் நல்லது.

ரப்பர், விளிம்பு, மடிப்புக் கோடு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மடிப்பில் பெயின்ட் மெலிதாக இருக்கும். ஓரடிக்கு ஓரடி இடத்தில் மென்மையான ஃபோம் பேடும் ஃபைன் பாலிஷும் வைத்து முதலில் பாருங்கள். கீறல் போகவில்லை என்றால் மட்டும், அதைவிட அதிகம் சீவும் காம்பவுண்ட்.

பட்டாணி அளவில் நான்கு சொட்டு வையுங்கள். குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு மெஷினின் வேக எண்ணை 4 அல்லது 5-இல் வைத்து, நொடிக்கு ஓர் அங்குலம் என மெதுவாக நகர்த்துங்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். பேடைப் பிடிக்கும் தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றாமல் நின்று நடுங்கினால், நீங்கள் அதிகம் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு இடமும் முடிந்ததும் பேடைத் துலக்குங்கள்.

4. துடைத்துப் பார்த்தல்

பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை மறைக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே அடுத்த இடம். கடைசியில், பெயின்ட்டைக் காக்கும் செயற்கைப் பூச்சான சீலன்ட் மெல்லிதாக ஒரு முறை. நம் வெயிலுக்குக் கார்னூபா என்ற பனை மெழுகை விட அது அதிக நாள் நிற்கும்.

காசுக்குச் செய்வதென்றால்

பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். அடிபட்டு மறுபடி பெயின்ட் அடித்த டோரில் அளவு மாறிக் காட்டும். அதில் காம்பவுண்ட் போடுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். சாவி வாங்கும்போதே கார்க்காரரைப் பக்கத்தில் நிறுத்தி, கீறலின் மேல் நகத்தை ஓட்டிக் காட்டுங்கள். “நகம் மாட்டுது பாருங்கண்ணா, இது பாலிஷ்ல போகாது, மங்கும் அவ்வளவுதான்” என்று அப்போதே சொல்லி, டார்ச் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.