மங்கலான லோகோவை இங்க்ஸ்கேப்பில் மறுபடி வரைவது

சின்னதாக, மங்கலாக ஒரு ஜேபெக் படத்தைக் கொடுத்து "இதைப் பெரிதாக அச்சடிக்கணும்" என்பார்கள். பெரிதாக்கினால் ஓரமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். அப்படி வரும் லோகோக்களை நான் இங்க்ஸ்கேப்பில் வரைந்து கொடுக்கிறேன். 2003-இல் சோடிபோடி என்ற வரைகலை மென்பொருளிலிருந்து பிரிந்து வளர்ந்த இந்தக் கட்டற்ற மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கோப்பை எஸ்விஜியாகச் சேமிக்கும். அதில் இருப்பது கோடுகளின் கணக்கு என்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கூர்மையாகவே இருக்கும்.

கன்ட்ரோல்+ஐ அழுத்திப் படத்தை உள்ளே கொண்டுவாருங்கள். எம்பெட் (படத்தைக் கோப்புக்குள்ளேயே வைப்பது), லிங்க் (படம் இருக்கும் இடத்தை மட்டும் சுட்டுவது) என்று கேட்டால் எம்பெட் கொடுங்கள். லிங்க் கொடுத்தால் படத்தை வேறு ஃபோல்டருக்கு மாற்றிய அன்றே அது காணாமல் போகும். படத்தின் ஒளிபுகாமையை (ஒபாசிட்டி) 40 சதவீதத்துக்குக் குறைத்து, அது இருக்கும் லேயரை, அதாவது அடுக்கைப் பூட்டிவிட்டு, மேலே புது லேயர் போடுங்கள்.

இப்போது, படத்தைப் பார்த்துத் தானே கோடு வரைந்து தரும் ட்ரேஸ் பிட்மேப் பக்கம் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். கூர்மையான கருப்பு வெள்ளைப் படத்துக்கு அது அருமையான கருவி. மங்கலான படத்திலோ ஒவ்வொரு பிசிறையும் உண்மையான ஓரம் என்று நம்பி அதன் மேலெல்லாம் நோடு, அதாவது கோட்டைத் தாங்கும் புள்ளி வைக்கும். போன முறை ஓர் இலை வடிவத்துக்கு எழுபதுக்கு மேல் நோடுகள் வந்தன. அதே இலையைக் கையால் வரைந்தேன், நான்கு நோடுகளே போதுமாக இருந்தன.

அந்த நான்கு எங்கே என்பதுதான் விஷயம். நுனியில் ஒன்று, காம்பில் ஒன்று, இரண்டு பக்கமும் வயிறு அதிகம் புடைக்கும் இடத்தில் ஒவ்வொன்று. பி (B) அழுத்தினால் பேனா வரும். முதலில் நான்கு இடத்திலும் சும்மா கிளிக் செய்து, தொடங்கிய நோடிலேயே மூடிவிடுங்கள். சப்பட்டையான கட்டம் ஒன்று கிடைக்கும். அப்புறம் என் (N) விசையை அழுத்தி நோடு கருவிக்கு மாறி, வயிற்று நோடுகள் இரண்டையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்+எஸ் கொடுங்கள், மழமழவென்று வளையும். நுனியும் காம்பும் கூராகவே இருக்கட்டும். வளைந்த நோடிலிருந்து நீளும் கைப்பிடிக் கோட்டின் முனையை இழுக்கும்போது கன்ட்ரோலைப் பிடித்திருந்தால் அது 15 பாகைக் கணக்கில் நின்று நின்று நகரும். வளைவு சரியாக உட்காரவில்லை என்றால் உடனே புது நோடு சேர்க்காதீர்கள். கைப்பிடியை நீட்டிக் குறுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். வளைவு நெளிந்து தெரிந்தால் ஒரு நோடை அழித்துப் பார்ப்பேன்.

எழுத்து இருந்தால் அதே ஃபான்ட்டைத் தேடித் தட்டச்சு செய்யுங்கள். ஆனால் அச்சகத்துக்கு அனுப்பும் முன் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி கொடுத்துப் பாதையாக்குங்கள், அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றுங்கள். ஒருமுறை அதை மறந்து அனுப்பினேன். அச்சகத்தின் கணினியில் அந்தத் தமிழ் ஃபான்ட் இல்லை, லோகோவில் இருந்த பெயரே வேறு உருவத்தில் அச்சாகி வந்தது. பாதையாக்கிய எழுத்தைத் திருத்த முடியாது, அதனால் பழைய கோப்பின் நகல் ஒன்று தனியாக இருக்கட்டும். அச்சுக்குப் பாதையாக்கிய எஸ்விஜியோடு பிடிஎஃப் நகலும் சேர்த்து அனுப்புங்கள்.